படியளப்பவர் போனால் அணி என்ன ஆகும்? ஐரோப்பிய ஹேண்ட்பாலின் 2022-23 சீசன் காட்டிய கணக்கு

2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள லான்செஸ் அரங்கம். கிட்டத்தட்ட 20 ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஜெர்மனியின் மக்டெபர்க், இன்னொரு பக்கம் போலந்தின் கியெல்ட்சே. 60 நிமிடம் முடிந்தபோது ஸ்கோர் 26-26. எக்ஸ்ட்ரா டைமில் மக்டெபர்க் 30-29 என ஜெயித்தது. ஒரே ஒரு கோல் வித்தியாசம்.

கியெல்ட்சேவுக்கு இந்த வலி புதுசு இல்லை. சரியாக ஓர் ஆண்டுக்கு முன், 2022 ஜூன் 19 அன்று, இதே அரங்கில் பார்சிலோனாவோடு மோதியது. 60 நிமிடத்தில் 28-28, எக்ஸ்ட்ரா டைமுக்குப் பிறகு 32-32, கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் 37-35 என்று தோல்வி. அடுத்தடுத்து 2 ஆண்டு கோப்பைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் வந்து திரும்பிய அணி அது.

ஆனால் 2022-23 சீசனில் கியெல்ட்சே தோற்றது பெரிய செய்தி இல்லை. அந்த அணி இறுதிப் போட்டி வரை வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். காரணம், சீசனின் நடுவில் முக்கிய ஸ்பான்சர் கையை விரித்துவிட்டார். ஐரோப்பாவின் முதல் 4 அணிகளில் ஒன்று, அடுத்த சீசனில் இருக்குமா இருக்காதா என்ற கேள்வியோடுதான் கோர்ட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஐரோப்பிய ஹேண்ட்பாலில் இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? கோப்பை ஜெயிக்கும் அணிகளே ஏன் காணாமல் போகின்றன?

முதலில் ஆட்டம்

ஹேண்ட்பால் நம் பக்கம் பள்ளி விளையாட்டு விழாக்களோடு நின்றுவிட்ட ஆட்டம். அதனால் ஒரு நிமிட அறிமுகம். கோல்கீப்பரையும் சேர்த்து அணிக்கு 7 பேர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட உள்ளரங்க கோர்ட். தலா 30 நிமிடத்தில் 2 பாதிகள். கோலைச் சுற்றி 6 மீட்டர் தூரத்தில் வளைவாக ஒரு கோடு. அதற்குள் தரையில் கால் பதிக்கும் உரிமை கோல்கீப்பருக்கு மட்டும்தான். மற்றவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எகிறி, காற்றில் இருக்கும்போதே பந்தை எறிய வேண்டும். பெனால்டி எறிவது 7 மீட்டரிலிருந்து. ஒரு போட்டியில் இரண்டு அணியும் சேர்ந்து 50, 60 கோல் அடிப்பது சாதாரணம். கூடைப்பந்தின் வேகம், கபடியின் உடல் மோதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளப் அளவில் இதன் உச்சம்தான் சாம்பியன்ஸ் லீக். நடத்துவது ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு. 2022-23ல் 16 அணிகள், 8 அணிகள் கொண்ட 2 குரூப். ஓர் அணிக்கு 14 குரூப் போட்டிகள். குரூப்பில் முதல் 2 இடம் பிடிப்பவர்கள் நேராகக் காலிறுதிக்குப் போவார்கள். 3 முதல் 6 வரை உள்ளவர்கள் பிளே-ஆஃப் ஆடி உள்ளே வர வேண்டும். செப்டம்பரில் தொடங்கி மே வரை இப்படி இழுத்துக்கொண்டு போய், மிஞ்சும் 4 அணிகளையும் ஜூனில் ஒரே வார இறுதியில் கொலோனில் மோதவிடுவார்கள். சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிறு இறுதி. 2010 முதல் இதுதான் ஏற்பாடு. 9 மாத உழைப்பு 24 மணி நேரத்தில் முடிவாகிவிடும்.

பெயரைப் பார்த்தாலே தெரியும்

ஃபுட்பாலில் ஓர் அணியின் பெயர் நூறு ஆண்டு ஆனாலும் மாறாது. ஹேண்ட்பாலில் பல அணிகளின் பெயரில் முதலில் நிற்பது ஊர் இல்லை, கம்பெனி. ஹங்கேரியின் செகெட் அணியின் பெயரில் 'பிக்' என்று ஒரு சொல் இருக்கும். அது அந்த ஊரின் பிரபலமான சலாமி இறைச்சித் தயாரிப்பு நிறுவனம். வெஸ்ப்ரெம் அணிக்கு முன்னால் ஒரு காலத்தில் ஃபோட்டெக்ஸ், பிறகு ஒரு வங்கி, பிறகு டெலிகாம். போலந்தின் ப்வோட்ஸ்க் அணிக்கு முன்னால் ஓர்லென். அது அரசுக்குப் பெரும்பங்கு இருக்கும் எண்ணெய் நிறுவனம். தலைமையகமே அந்த ஊரில்தான்.

கியெல்ட்சேவின் பெயர் வரலாறு ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரி. விவே கியெல்ட்சே, விவே டாரன் கியெல்ட்சே, பிஜிஇ விவே, ஓம்ஷா விவே, ஓம்ஷா இண்டஸ்ட்ரியா, பார்லினெக் இண்டஸ்ட்ரியா, இண்டஸ்ட்ரியா. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், படியளப்பவர் மாறியிருக்கிறார் என்று அர்த்தம்.

இதில் நீண்ட காலம் நிலைத்த பெயர் விவே. பழைய துணிகளை வாங்கித் தரம் பிரித்து விற்கும் தொழில். அதை நடத்திய நெதர்லாந்துக்காரர் பெர்டஸ் சர்வாஸ், 2002ல் அணியைக் கையில் எடுத்தார். 2 லட்சம் பேருக்கும் குறைவாக வாழும் ஓர் ஊர், 4 ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஹால். அங்கிருந்து அவர் கட்டிய அணி 2012 முதல் 2023 வரை ஒரு முறைகூட விடாமல் போலந்து சாம்பியன் பட்டத்தை வென்றது. 2016ல் ஐரோப்பிய சாம்பியனும் ஆனது.

அந்த 2016 இறுதிப் போட்டியை ஹேண்ட்பால் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆட்டம் முடிய கிட்டத்தட்ட 14 நிமிடம் இருந்தபோது வெஸ்ப்ரெம் 28-19 என்று முன்னிலை. 9 கோல் பள்ளம். கடைத் தெருவில் பட்டாசு வாங்கப் போயிருப்பார்கள். அங்கிருந்து கியெல்ட்சே 29-29 என்று சமன் செய்தது, எக்ஸ்ட்ரா டைமில் 35-35 என்று இழுத்தது, பெனால்டியில் 39-38 என்று கோப்பையையே தட்டிச் சென்றது. பாவம் வெஸ்ப்ரெம். 2002, 2015, 2016, 2019 என்று 4 முறை சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு வந்தும் இன்றுவரை கோப்பையைத் தொடவில்லை.

நடுவழியில் இறங்கிய ஸ்பான்சர்

2022-23 சீசன் தொடங்கியபோது அணியின் பெயர் ஓம்ஷா இண்டஸ்ட்ரியா கியெல்ட்சே. ஓம்ஷா என்பது ஒரு போலந்து பீர். இண்டஸ்ட்ரியா, அந்தப் பகுதியைச் சேர்ந்த அரசு நிறுவனம். அப்போது உக்ரைன் போர் தொடங்கி சில மாதங்கள். ஐரோப்பா முழுவதும் மின்சாரம், எரிவாயு விலை எகிறிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை நடத்துபவர் செலவைக் குறைக்கப் பார்க்கும்போது முதலில் வெட்டுவது விளம்பரச் செலவைத்தான். சீசனின் நடுவில் பீர் நிறுவனம் விலகிக்கொண்டது.

ஓர் அணியின் வருமானத்தில் டிக்கெட், டிவி, பரிசுப் பணம், ஸ்பான்சர் என்று பல வாய்க்கால் இருந்தால் ஒன்று வற்றினாலும் மற்றவை ஓடும். கியெல்ட்சே மாதிரி இடங்களில் நிலைமை அப்படி இல்லை. 4 ஆயிரம் இருக்கையை முழுக்க விற்றாலும் உலகத்தரமான 16 ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வராது. போலந்து லீக்கின் டிவி பணமும் பெரிதில்லை. ஸ்பான்சர் போனால் மொத்தமும் ஆட்டம் காணும். அந்தக் குளிர்காலத்தில் கிளப் நிர்வாகம் வெளிப்படையாகவே ஆபத்து என்று அறிவித்து ஆதரவு தேடியது. ஆட்டக்காரர்கள் வெளியேறுவார்கள் என்ற பேச்சு தொடர்ந்து ஓடியது.

கடைசியில் கைகொடுத்தது பார்லினெக் என்ற மரத்தரை தயாரிப்பு நிறுவனம். உரிமையாளர் கியெல்ட்சேயைச் சேர்ந்த கோடீஸ்வரர் மிஹாவ் சொவோவொவ். பார்லினெக் இண்டஸ்ட்ரியா கியெல்ட்சே என்று சட்டையில் பெயர் மாறியது. சீசன் காப்பாற்றப்பட்டது. கவனிக்க வேண்டியது, ஒரு நிறுவனத்தின் இடத்தில் இன்னொரு நிறுவனம் வந்தது என்பதுதான். தூண் மாறியது, ஒற்றைத் தூணில் நிற்கும் வீடு மாறவில்லை.

இத்தனை குழப்பத்துக்கு நடுவே அணி குரூப்பைத் தாண்டியது, காலிறுதியில் அதே வெஸ்ப்ரெமை வீழ்த்தியது, அரையிறுதியில் பிஎஸ்ஜியை 25-24 என்று தோற்கடித்தது. பிஎஸ்ஜி என்றால் கத்தார் பணம். அதுவே போதும், ஆட்டக்காரர்கள் எந்த மனநிலையில் ஆடினார்கள் என்று புரிந்துகொள்ள.

ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவர்

அந்த பெஞ்சில் நின்றுகொண்டிருந்த ஒருவருக்கு மட்டும் இந்தப் படம் ரீ-ரிலீஸ். கோச் தலாந்த் துய்ஷெபாயெவ். கிர்கிஸ்தானில் பிறந்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், சிதறிய சோவியத் நாடுகளின் கூட்டணி அணிக்காகத் தங்கம் வென்றவர். பிறகு ஸ்பெயினுக்கு ஆடினார். 1994லும் 1996லும் உலகின் சிறந்த ஹேண்ட்பால் ஆட்டக்காரர். அப்போது அவருடைய 2 மகன்கள், அலெக்ஸும் டேனியலும், அவர் பயிற்சியளித்த அதே கியெல்ட்சே அணியில்.

கோச் ஆன பிறகு அவர் பெயர் வாங்கிய இடம் ஸ்பெயினின் சியுடாட் ரியால். சுமார் 75 ஆயிரம் பேர் வாழும் சின்ன ஊர். கட்டுமானத் தொழிலில் பணம் சம்பாதித்த ஒரு தொழிலதிபர் பின்னால் இருந்தார். 2006, 2008, 2009 என்று 4 ஆண்டில் 3 முறை சாம்பியன்ஸ் லீக் கோப்பை அந்த ஊருக்கு வந்தது. பிறகு ஸ்பெயினில் ரியல் எஸ்டேட் குமிழி வெடித்தது. கட்டுமானத் தொழில் படுத்தது. 2011ல் அணி மாட்ரிட்டுக்கு இடம் பெயர்ந்து அட்லெடிகோ மாட்ரிட் என்ற பெயரில் ஆடியது. 2012ல் அந்தப் பெயரிலும் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை வந்து கீலிடம் தோற்றது. 2013 ஜூலையில் கதவை மூடியது. அவ்வளவுதான். 3 முறை ஐரோப்பாவை ஆண்ட அணி, சுமார் 4 ஆண்டில் இல்லை.

துய்ஷெபாயெவ் 2014 ஜனவரியில் கியெல்ட்சேவுக்கு வந்தார். 9 ஆண்டு கழித்து, அதே கேள்வி வேறு மொழியில் அவர் முன்னால் வந்து நின்றது.

இது ஓர் ஊர் கதை இல்லை

2012ல் கொலோனுக்கு வந்த 4 அணிகள்: கீல், அட்லெடிகோ மாட்ரிட், பெர்லினின் ஃபூக்ஸே, டென்மார்க்கின் ஏஜி கோபன்ஹேகன். இதில் கோபன்ஹேகன் கதை இன்னும் வேகமானது. நகை வியாபாரி ஜெஸ்பர் நீல்சன் 2010ல் உருவாக்கிய அணி. மிக்கெல் ஹன்சன் போன்ற நட்சத்திரங்கள். 2011ல் ஒரு லீக் போட்டியை ஃபுட்பால் மைதானத்தில் வைத்து 36,651 பேரை உட்காரவைத்தார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. 2012 மே மாதம் சாம்பியன்ஸ் லீக்கில் 3வது இடம். அதே ஆண்டு ஜூலை முடிவதற்குள் திவால். 2 சீசன்தான் ஆயுள்.

ஆக, 2012ல் ஐரோப்பாவின் முதல் 4 இடத்தில் இருந்த அணிகளில் 2 அணிகள் அடுத்த 15 மாதத்துக்குள் காணோம்.

அடுத்து ஹாம்பர்க். 2011ல் ஜெர்மன் சாம்பியன். 2013ல் பார்சிலோனாவை எக்ஸ்ட்ரா டைமில் 30-29 என்று வீழ்த்தி ஐரோப்பிய சாம்பியன். இங்கேயும் ஒரு தனிமனிதர்தான் பல ஆண்டு பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியதும் 2015 டிசம்பரில் திவால் மனு. 2016 ஜனவரியில் சீசனின் நடுவிலேயே லீக்கை விட்டு வெளியே போனது. கீழ் டிவிஷனில் ஆடி மேலே ஏறி, முதல் டிவிஷனுக்குத் திரும்ப 2021 ஆகிவிட்டது.

வடக்கு மாசிடோனியாவின் வர்தார் இன்னொரு வகை. ரஷ்யத் தொழிலதிபர் செர்கெய் சம்சொனென்கோ பணம் போட்டார். ஸ்கோப்யேயில் அரங்கமே கட்டினார். ஆண்கள் அணி 2017ல் பிஎஸ்ஜியை 24-23 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. பெண்கள் அணி 2017, 2018 இரண்டிலும் இறுதிக்கு வந்து, இரண்டு முறையும் எக்ஸ்ட்ரா டைமில் ஹங்கேரியின் ஜ்யோர் அணியிடம் ஒரே கோலில் தோற்றது. அதன் பிறகு அவர் பின்வாங்கத் தொடங்கினார். 2018 கோடையில் பெண்கள் அணியின் நட்சத்திரங்கள் கலைந்துபோனார்கள். ஆண்கள் அணி 2019ல், உரிமையாளர் போகப்போகிறார் என்று தெரிந்தே கொலோனுக்கு வந்து, அரையிறுதியில் பார்சிலோனாவை 29-27, இறுதியில் வெஸ்ப்ரெமை 27-24 என்று வென்று மறுபடி கோப்பையைத் தூக்கியது. கோப்பை வந்தது, பணம் வரவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த அணியும் பிரிந்து பல நாடுகளுக்குப் போனது.

இதில் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஜெயித்தால் பணம் வரும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. இங்கே அந்தக் கணக்கு தலைகீழ். ஜெயித்தால் ஆட்டக்காரரின் மதிப்பு ஏறுகிறது, சம்பளம் ஏறுகிறது, பணக்கார அணிகள் வலை வீசுகின்றன. வருமானம் மட்டும் அதே 4 ஆயிரம் இருக்கையில் நிற்கிறது. ஃபுட்பாலில் ஓர் ஆட்டக்காரரை விற்றுப் பல நூறு கோடி பார்க்கலாம். ஹேண்ட்பாலில் பெரும்பாலானவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் சும்மாவே கிளம்பிவிடுவார்கள். வளர்த்துவிட்ட அணிக்குக் கையில் எதுவும் மிஞ்சாது.

போர் இந்தப் பலவீனத்தை வேறு விதமாகவும் காட்டியது. உக்ரைனின் மோட்டார் சாப்போரிஜியா, விமான இன்ஜின் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த அணி. 2021-22 சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தபோதே ரஷ்யப் படையெடுப்பு. சீசன் பாதியில் நின்றது. 2022-23ல் அந்த அணி ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் தங்கி, ஜெர்மன் 2வது டிவிஷனில் விருந்தினராக ஆடியது. புள்ளிப்பட்டியலில் கணக்கில்லாத போட்டிகள். ரஷ்ய, பெலாரஸ் அணிகள் 2022 பிப்ரவரி இறுதியிலேயே ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டன.

அப்படியானால் மக்டெபர்க் எப்படி?

அன்றைக்கு ஜெயித்த அணியும் பெருநகரம் கிடையாது. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில், சுமார் 2.4 லட்சம் பேர் வாழும் ஊர். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்திலேயே 1978லும் 1981லும் ஐரோப்பியக் கோப்பை வென்ற கிளப். 2002ல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த முதல் ஜெர்மன் அணியும் இதுவே. அந்த 2002 அணியில் ஆடிய பென்னட் வீகர்ட்தான் 2023ல் கோச். அவருடைய அப்பா இங்கோல்ஃப் வீகர்ட் 1980 ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனிக்காகத் தங்கம் வென்றவர். உள்ளூர் வேர் என்றால் இப்படி.

வித்தியாசம் லீக்கில் இருக்கிறது. ஜெர்மன் பண்டஸ்லிகாவில் 18 அணிகள், ஆளுக்கு 34 போட்டிகள். வாரா வாரம் ஹால் நிறைகிறது. மக்டெபர்க் ஹாலில் சுமார் 6,600 பேர், கீல் ஹாலில் 10 ஆயிரத்துக்கு மேல். ஒரே முதலாளி இல்லாமல் உள்ளூர் வங்கி, மின்வாரியம், கார் டீலர், கட்டுமான நிறுவனம் என்று சின்னதும் பெரியதுமாகப் பல ஸ்பான்சர்கள். ஒருவர் போனால் வலிக்கும், ஆனால் உயிர் போகாது. ஒவ்வோர் ஆண்டும் லீக் நிர்வாகம் கணக்கைப் பார்த்துத்தான் உரிமம் கொடுக்கும்.

அதற்காக ஜெர்மன் முறை குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். ஹாம்பர்க் விழுந்ததும் இதே லீக்கில்தான். 2024லும் அந்த அணிக்கு முதலில் உரிமம் மறுக்கப்பட்டு, நடுவர் மன்றம் வரை போய்த்தான் கிடைத்தது. தவிர, இந்த வருமானத்துக்கு விலை கொடுப்பது ஆட்டக்காரரின் உடம்பு. 34 லீக் போட்டி, அதன் மேல் சாம்பியன்ஸ் லீக், அதன் மேல் ஜெர்மன் கோப்பை, ஜனவரியில் நாட்டு அணிக்காக உலகக் கோப்பை அல்லது ஐரோப்பியக் கோப்பை. ஓய்வு என்பது கோடையில் சில வாரம்.

2023 கொலோன் வார இறுதியில் இதன் முகம் கிஸ்லி கிறிஸ்ட்யான்சன். ஐஸ்லாந்துக்காரர், மக்டெபர்க்கின் ஆட்டத்தை இயக்குபவர். சனிக்கிழமை அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராகத் தோள்பட்டை விலகிக் கோர்ட்டை விட்டுப் போனார். அந்தப் போட்டியை மக்டெபர்க் பெனால்டியில் 40-39 என்று தப்பித்தது. தோள் விலகியவர் மறுநாள் வரமாட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஞாயிறு அன்று அவர் இறங்கினார், கோல் அடித்தார், அந்த வார இறுதியின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். பிறகு பல மாதம் ஆட முடியாமல் உட்கார்ந்தார். ரசிகர்கள் இதை வீரம் என்பார்கள். ஒரு மருத்துவரிடம் கேட்டால் வேறு வார்த்தை வரும்.

அதே இறுதிப் போட்டியின் 2வது பாதியில் இன்னொன்றும் நடந்தது. கியெல்ட்சேவிலிருந்து வந்திருந்த ஒரு போலந்து பத்திரிகையாளர், செய்தியாளர் பகுதியில் மயங்கி விழுந்தார். ஆட்டம் நிறுத்தப்பட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அரங்கில் இசை இல்லை. கடைசி நிமிடங்களும் எக்ஸ்ட்ரா டைமும் அப்படித்தான் ஆடி முடிக்கப்பட்டன. தோற்ற கியெல்ட்சே வீட்டுக்கு எடுத்துப் போனது வெறும் வெள்ளிப் பதக்கத்தை மட்டும் இல்லை.

பெரிய பெயர்கள் மட்டும் பாதுகாப்பா?

பார்சிலோனா, பிஎஸ்ஜி மாதிரி ஃபுட்பால் கிளப்பின் நிழலில் இருக்கும் அணிகளுக்கு இந்தக் கவலை இல்லை என்று தோன்றலாம். பாதிதான் உண்மை. 2021ல் பார்சிலோனா ஒரு போட்டியில்கூடத் தோற்காமல் சாம்பியன்ஸ் லீக் வென்றது. இறுதியில் ஆல்போர்க்கை 36-23 என்று துவைத்தது. அப்போது கிளப்பின் ஃபுட்பால் பிரிவு கடனில் மூழ்கியிருந்தது. செலவு வெட்டு எல்லாப் பிரிவிலும். கோப்பை வென்ற அதே கோடையில் கோச் சாவி பாஸ்குவால் கிளம்பினார், நட்சத்திரம் ஆரோன் பால்மார்சன் டென்மார்க்குக்குப் போனார். அணி தாக்குப்பிடித்தது, அடுத்த ஆண்டே மறுபடி கோப்பை வென்றது என்பது வேறு. ஆனால் முடிவு எடுக்கப்பட்டது ஹேண்ட்பால் அலுவலகத்தில் இல்லை.

பிஎஸ்ஜிக்கோ பணம் இருந்தது, கோப்பை இல்லை. 2017 இறுதியில் வர்தாரிடம் தோற்றதுதான் அதன் உச்சம்.

கூட்டமைப்பும் சும்மா இல்லை. 2020 முதல் 10 ஆண்டுக்கு மார்க்கெட்டிங், ஒளிபரப்பு உரிமைகளை இன்ஃப்ரண்ட், டாஸன் நிறுவனங்களோடு சேர்ந்து விற்கிறது. சாம்பியன்ஸ் லீக்கின் மதிப்பைத் தூக்குவதுதான் நோக்கம். ஆனால் ஐரோப்பியப் போட்டி ஓர் அணிக்கு ஆண்டுக்கு 20 ஆட்டத்துக்கு மேல் வராது. மீதி வாழ்க்கை உள்நாட்டு லீக்கில். அந்த லீக் பலவீனமாக இருக்கும் நாட்டில் கொலோன் வெளிச்சம் எவ்வளவு பளிச்சென்று அடித்தாலும் மாதச் சம்பளத்துக்கு உதவாது.

அதற்குப் பிறகு

கியெல்ட்சே மூடப்படவில்லை. ஆனால் 2023 ஜூனில் இருந்த அணியும் இல்லை. 2024 காலிறுதியில் மறுபடி மக்டெபர்க், மறுபடி பெனால்டியில் தோல்வி. கோல்கீப்பர் ஆண்ட்ரியாஸ் வொல்ஃப் அந்தக் கோடையில் கீல் அணிக்குப் போனார். 12 ஆண்டாகக் கையில் வைத்திருந்த போலந்துப் பட்டத்தை 2024ல் ப்வோட்ஸ்க் பறித்தது, 2025லும் விடவில்லை. 2025ல் சாம்பியன்ஸ் லீக்கின் பிளே-ஆஃப் சுற்றிலேயே கியெல்ட்சே பெர்லினிடம் வீழ்ந்தது.

அந்த 2025 கோப்பையை எடுத்தது யார்? மக்டெபர்க். அரையிறுதியில் பார்சிலோனாவை 31-30, இறுதியில் பெர்லினை 32-26. இரண்டு ஜெர்மன் அணிகள் மோதிய இறுதி. ஒரு வாரம் முன்புதான் பெர்லின் ஒரே புள்ளி வித்தியாசத்தில் மக்டெபர்க்கை முந்தி முதல் ஜெர்மன் பட்டத்தை வென்றிருந்தது.

போலந்தில் 2024லும் 2025லும் முன்னால் நின்ற ப்வோட்ஸ்க் அணியின் பெயரில் முதலில் வருவது எண்ணெய் நிறுவனம். கியெல்ட்சேவின் பெயரில் முதலில் வருவது அரசு நிறுவனம். அடுத்த தேர்தல், அடுத்த எண்ணெய் விலைச் சரிவு, அடுத்த நிர்வாக மாற்றம் வரும்போது சட்டையில் எந்தப் பெயர் இருக்கும் என்பதை கோச்சும் சொல்ல முடியாது, கோல்கீப்பரும் சொல்ல முடியாது.